தேக்கு வந்த வழி

தேக்கு என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். மேலைக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அதனைக் கேட்டுத் 'தேக்கா' என்றனர். அவர்கள் வழியே அது ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. சொல் கடல் கடப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மரம் கடல் கடந்துவிட்டது. எகிப்து நாட்டில், செங்கடற்கரையில், பெரனிகே என்னும் பழந்துறைமுகத்தை அகழ்ந்தவர்கள், உரோமர் காலக் கட்டடங்களின் சுவர்களில் தேக்குத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கக் கண்டனர். மரவளம் குன்றிய அப்பாலை நிலத்தார், இந்திய வாணிபத்தில் உழன்று பழுதுற்ற கப்பல்களைப் பிரித்து, அம்மரத்தைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தினர் என்பது ஆய்வாளர் துணிபு. வைரம் பாய்ந்த மரம் ஒரு பிறவியோடு அழிவதில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

காடு, ஆறு, அறுவை ஆலை, கப்பல், தச்சுப்பட்டறை, வீடு என்னும் ஆறு படிகளைக் கடந்தே ஒரு தேக்குமரம் நம் வாயில் நிலையாகிறது. கடந்த 200 ஆண்டுகளில் இவ்வழி எவ்வாறு அமைந்தது, யாருடைய உழைப்பாலும் யாருடைய இழப்பாலும் அமைந்தது என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மிற் பலருக்குச் சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று உண்டு. அதனை என்செய்வது என்ற கேள்வி குடும்பந்தோறும் எழுகின்ற காலம் இது. விடை காணுமுன், அவ்வீட்டின் மரம் எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வது தக்கது.

மலபாரும் ஆனைமலையும்

பம்பாயில் கப்பல் கட்டும் தொழிலை வளர்த்தவர்கள் வாடியா குலத்துப் பார்சித் தச்சர்கள். சூரத்திலிருந்து 1736-இல் அங்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியினர் ஏழு தலைமுறையாக அத்தொழிலை நடத்தினர் என்பர். அவர்கள் கட்டிய கப்பல்களுக்கு மலபார்க் காடுகளின் தேக்கே உயிர்நாடி. நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி 1817-இல் பம்பாயில் வெள்ளோட்டம் விடப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல், இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்து நிற்கிறது. இருநூறு ஆண்டு கடந்தும் மட்காத அம்மரம், மேற்குமலைத் தொடரின் மழையில் வளர்ந்தது.

கருவாலி மரத்துக்குப் பஞ்சம் நேர்ந்த ஆங்கிலக் கடற்படை, தேக்கின் அருமையை உணர்ந்தபின் காட்டுக்கு உரிமை கொண்டாடத் தொடங்கியது. கேப்டன் வாட்சன் என்பவர் 1806-இல் மலபார்ப் பகுதிக்குக் காட்டுக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். தேக்கு முழுவதும் கும்பினியாருக்கே என்று ஆயிற்று. நிலவுடையாரும் மரவணிகரும் தத்தம் நிலத்து மரத்தைத் தொடவும் இயலாது திகைத்தனர். அம்முறையை எதிர்த்து எழுந்த குரலைக் கேட்டு, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823-இல் அதனை ஒழித்தார். தடை நீங்கியதும் கோடரிக்கும் தடை நீங்கிற்று. அடுத்த இருபதாண்டில் கரையோரக் காடுகள் வறிதாயின.

இந்நிலையில் மலபார் மாவட்ட ஆட்சியர் கானலி, வெட்டுவதற்கு ஈடாக நடவேண்டும் என்று முனைந்தார். நீலம்பூரில் 1840-களில் அவர் தொடங்கிய பணியை வெற்றியாக்கியவர் அவருக்குத் துணையாக இருந்த சாத்து மேனோன். தேக்கு விதையை முளைக்கச் செய்வதே அன்று பெரும்பாடாக இருந்தது. பலமுறை முயன்று அக்கலையைக் கண்டறிந்து, பல்லாயிரக்கணக்கான கன்றுகளை நட்டவர் அவர். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று போற்றப்படும் அவ்விடம் 'கானலித் தோட்டம்' என்றே வழங்குகிறது. தோட்டத்துக்குப் பெயர் வாய்த்தது ஆட்சியருக்கு. கன்றுக்கு உயிர் வாய்த்தது மேனோன் கையால்.

தமிழகத்து ஆனைமலையிலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய்த் துறைக்காகத் தேக்கு வெட்டப்பட்டது. மலைமுகட்டிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே 'டாப்ஸ்லிப்' எனப் பெயர்பெற்றது. இன்று யானை காணச் செல்வோர் அப்பெயரைச் சொல்கின்றனர். பெயருக்குள் புதைந்து கிடப்பது மரம் சரிந்த வரலாறு.

எண்ணப்பட்ட காடு

மலபார் மரம் குறையக் குறைய, கிழக்குக் கடலுக்கு அப்பால் பர்மாவின் மேல் கண் விழுந்தது. பர்மிய மன்னர்கள் தேக்கினை அரசுக்கே உரிய மரமாகக் கருதினர். முதற்போருக்குப் பின் 1826-இல் தெனாசெரிம் கரை ஆங்கிலேயர் வசமாயிற்று. மோல்மேன் நகரம் மரவாணிபத்துக்கும் கப்பல் தொழிலுக்கும் பெயர்பெற்றது. வரைமுறையின்றி வெட்டியதில் அக்கரைக் காடுகள் விரைவில் தேய்ந்தன. இரண்டாம் போருக்குப் பின் 1852-இல் பெகு நாடு கைக்கு வந்தபோது, பழைய பிழை மீண்டும் நிகழாதிருக்க வேண்டும் என்று ஆட்சியாளர் எண்ணினர். ஜெர்மானியத் தாவர அறிஞர் டீட்ரிக் பிராண்டிஸ் 1856-இல் பெகுக் காடுகளின் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார்.

அவர் முதலிற் செய்தது காட்டை எண்ணியதுதான். யானைமீது அமர்ந்து, வகுத்துக்கொண்ட வழியே சென்று, இருபுறமும் கண்ட தேக்குமரங்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, கையிலிருந்த மூங்கில் துண்டுகளில் வெட்டுக்குறி இட்டுக்கொண்டே போனார். ஆறடியும் அதற்கு மேலும் சுற்றளவுடையவை முதல் வகுப்பு. குறைந்தவை அடுத்தடுத்த வகுப்பு. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர எத்தனை ஆண்டு செல்லும் என்று கணித்து, அந்த வளர்ச்சிக்கு மிகாமல் ஆண்டுதோறும் வெட்டவேண்டும் என்று விதித்தார். காட்டை முதலாகவும் வளர்ச்சியை வட்டியாகவும் கொண்டு, வட்டியை மட்டும் செலவழிக்கும் வணிகக் கணக்குப் போன்றது இது. 1864-இல் அவர் இந்தியா முழுமைக்கும் முதல் காட்டுத்துறைத் தலைவரானார். நம் நாட்டின் காட்டு நிருவாகம் அந்த மூங்கிற் குறிகளிலிருந்து தோன்றியது என்றால் மிகையன்று.

ஆயினும் அக்கணக்கில் மரம் இருந்த அளவுக்கு மனிதர் இல்லை. காட்டை எரித்துப் பயிரிட்டு, சில ஆண்டில் இடம்பெயரும் கரேன் மக்களின் வழக்கம் 'தவுங்யா' எனப்படும். அம்மக்கள் தம் புனங்களில் நெல்லோடு தேக்கு விதையையும் ஊன்றவேண்டும் என்ற ஏற்பாட்டைப் பிராண்டிஸ் புகுத்தினார். நெல் அவர்களுக்கு, அவர்கள் அகன்றபின் வளரும் தேக்கு அரசுக்கு. இந்தியாவிலோ 1865, 1878 ஆகிய ஆண்டுகளின் காட்டுச் சட்டங்கள், தலைமுறை தலைமுறையாக விறகும் தழையும் கொண்டுவந்த சிற்றூரார் உரிமையைச் சலுகையாக்கின. காடு காக்கப்பட்டது என்பது உண்மை. யாருக்காகக் காக்கப்பட்டது என்ற வினாவும் உண்மையே.

காட்டிலிருந்து துறைக்கு

பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆகவே தேர்ந்தெடுத்த மரத்தின் அடியில், பட்டையையும் அதனை அடுத்த வெளிறையும் சுற்றிலும் அறுத்துவிட்டு, வைரத்தை மட்டும் விட்டு, நின்றபடியே உலரச் செய்வர். இரண்டு மூன்று ஆண்டுகள் அது இலையின்றி நின்று காயும். பின்னரே கோடரி விழும். வெட்டிய தடியை யானைகள் இழுத்து, வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையில் இடும். மழைக்காலத்து வெள்ளம் வந்து அதனைத் தூக்கிச் செல்லவேண்டும். அவ்வாண்டு மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு வரை தடி அங்கேயே கிடக்கும். ஓடை ஆற்றில் சேருமிடத்தில் தடிகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி, தெப்பத்தின்மீதே குடிசை அமைத்து, ஓட்டுவோர் வாரக்கணக்கில் ஐராவதி வழியே மிதந்து இரங்கூனை அடைவர். அறுக்கக் குறியிட்ட நாள்முதல் ஆலை வாயிலை அடையும் நாள்வரை பல ஆண்டுகள் கழிதல் இயல்பு.

இரங்கூன் ஆலைகளில் யானைகள் தடிகளை ஒழுங்காக அடுக்கும் காட்சி, அக்காலப் பயணிகள் எழுதாது விட்டதில்லை. அவர்கள் குறைவாகவே எழுதியது ஆலையிலும் துறையிலும் சுமை தூக்கிய கூலிகளைப் பற்றி. தெலுங்கரும் ஒரியரும் தமிழருமாக, கடல் கடந்து சென்ற அவ்வேழைகளின் தோள்வழியே தேக்குப் பலகை கப்பல் ஏறியது.

இவ்வாணிபத்தின் வலிமையை ஒரு நாட்டின் வீழ்ச்சியால் அளக்கலாம். 1863-இல் தோன்றிய பம்பாய் பர்மா வாணிபக் கழகம், மேல்பர்மாக் காடுகளில் மரம் வெட்டும் உரிமை பெற்றிருந்தது. வெட்டிய தடிகளைக் குறைத்துக் காட்டி அரசுக்குரிய தொகையை மறைத்தது என்று 1885-இல் மன்னர் தீபோவின் அவை அதற்குப் பெருந்தண்டம் விதித்தது. ஆங்கில அரசு அதனைக் காரணமாக்கி இறுதி எச்சரிக்கை விடுத்தது. பிரெஞ்சுக்காரர் செல்வாக்கு அங்கே வளரும் என்ற அச்சமும் பின்னணியில் இருந்தது. நவம்பரில் தொடங்கிய போர் இரு வாரத்தில் முடிந்தது. தேக்குத் தூண்களால் எழுந்த மாந்தளை அரண்மனையை விட்டு மன்னர் வெளியேறினார். கொங்கணக் கரையில் இரத்தினகிரியில் சிறைவைக்கப்பட்டு, 1916-இல் அங்கேயே மறைந்தார். மராட்டிய மாநிலத்தில் வாழும் நம்மவர் அவ்வூரில் அவர் இருந்த மாளிகையை இன்றும் காணலாம். மாந்தளை அரண்மனையோ 1945-இல் போர்த் தீயில் எரிந்தது.

வீட்டுக்குள் வந்த மரம்

பெகு நாடு ஆங்கிலேயர் வசமானபின் நகரத்தார் பெருமளவில் பர்மா சென்றனர். கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்த முதல் பெரும்பாலும் அவர்களுடையது. ஈட்டிய பொருளில் ஒரு பகுதி தாயகத்தில் வீடாக எழுந்தது. அவ்வீட்டுக்குப் பர்மாத் தேக்கே மரமாயிற்று. காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் முகப்புத் தூண், சிற்பம் செதுக்கிய வாயில் நிலை, வளவுத் தாழ்வாரம், விதானம் என எங்கும் அம்மரம் நின்றது. மழை அரிதான, நெடுமரக் காடு இல்லாத ஒரு நிலப்பரப்பில், இத்துணை நெடிய தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்பதைக் காண்பவன் வரலாறு தெரியாதவனாயின் வியந்து நிற்பான்.

இம்மரம் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. சென்னை வீடுகளின் 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் மேல்தளத்தை எண்ணிப் பாருங்கள். சுவருக்குச் சுவர் உத்திரம். உத்திரத்தின்மேல் நெருங்கிய குறுக்குக்கட்டைகள். அவற்றின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில், சாய்வரிசையாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே சல்லியும் சுண்ணாம்பும் இடித்து இறுக்குவர். அறையின் அகலத்தை வகுத்தது வீட்டுக்காரர் விருப்பமன்று. கிடைத்த உத்திரத்தின் நீளமே. பம்பாயில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால்களின் சட்டங்களும் படிக்கட்டுகளும், கல்கத்தாப் பழைய மனைகளின் உத்திரங்களும் சாளரக் கதவுகளும் இவ்வாணிபத்தின் கிளைகளே. மாதுங்காவிலும் லேக் மார்க்கெட்டிலும் முதலில் குடியேறிய நம் முன்னோர், தாம் வந்த துறைமுகங்களின் வழியே வந்த மரத்தின் நிழலில்தான் வாடகைக்கு இருந்தனர்.

இங்கு ஒன்றை மறக்கலாகாது. பர்மாத் தேக்கு பொருளுடையார்க்கு வாய்த்தது. தமிழகத்துப் பெரும்பாலோர் வீடு பனங்கையாலும் வேம்பாலும் பூவரசாலும் மூங்கிலாலும் ஆனது. அம்மரங்கள் வீட்டுக்காரரின் வரப்பிலோ ஊர்ப் பொதுவிலோ வளர்ந்தவை. மரம் நின்ற இடமும் வீடு நின்ற இடமும் கூப்பிடு தொலைவில் இருந்தமையால், ஒரு மரத்தை வெட்டினால் ஒரு கன்றை ஊன்றவேண்டும் என்பதைச் சட்டம் சொல்ல வேண்டியிருக்கவில்லை; கண்ணே சொல்லிற்று. தொலைவிலிருந்து வரும் மரத்துக்கு அந்தக் கண் இல்லை.

திரும்பிய கப்பல்கள்

1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதாரச் சரிவில் நெல்விலை வீழ்ந்தது. கடன்பட்ட பர்மிய உழவர் நிலத்தை இழந்தனர். கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938 அளவில் 25 விழுக்காடாயிற்று. நிலத்தைக் கேட்டுச் செல்லாதார்க்கும் அது பகையைத் தேடித் தந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீழ்ந்ததும், லட்சக்கணக்கான இந்தியர் கப்பலிலும், அதற்கு வழியற்றோர் மலைக்காடு கடந்து மணிப்பூர், அசாம் நோக்கிக் கால்நடையாகவும் வந்தனர். பல்லாயிரவர் வழியில் மாண்டனர். தேக்கு வளர்ந்த காடுகளூடே அவர்கள் நடந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது. எஞ்சியிருந்தோரிற் பலர் 1964-இன் நாட்டுடைமை நடவடிக்கைகளுக்குப் பின் வெறுங்கையராய்த் திரும்பினர். சென்னைத் துறைமுகத்தருகே எழுந்த பர்மா பஜாரும், தமிழக ஊர்கள் பலவற்றில் உள்ள பர்மா காலனிகளும் அவர்தம் அடையாளம்.

பர்மாவிலும் பிராண்டிஸின் கணக்கு நெடுநாள் காக்கப்பட்டது. காட்டை முப்பது பகுதியாக்கி, ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டும் வெட்டும் முறை விடுதலைக்குப் பின்னும் ஏட்டில் நிலைத்தது. ஆனால் 1988-க்குப் பின் எல்லைப்புறக் காடுகள் தாய்லாந்து நிறுவனங்களுக்குக் குத்தகையாக விடப்பட்டன. முதலும் வட்டியும் சேர்ந்தே கரையலாயின. இறுதியில் 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அறுக்காத தடிகளின் ஏற்றுமதியை மியன்மர் அரசு நிறுத்தியது. அத்தடிகளை மிகுதியாக வாங்கிய நாடு இந்தியா. 2021 பிப்ரவரியில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபின், அந்நாட்டு அரசு மரவாணிப நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. 1885-இல் போலவே தேக்கு மீண்டும் அரசியலின் நடுவே வந்து நின்றது.

நம் நாட்டில் 1988-இன் தேசியக் காட்டுக் கொள்கை, காடு தொழிலுக்கு மரம் தரும் கிடங்கு என்ற பழைய எண்ணத்தை மாற்றியது. உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் அளித்த ஆணை, ஒப்புதல் பெற்ற திட்டமின்றிக் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் நீலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு. பொருள், நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடு. முதல் தேக்குத் தோட்டம் எழுந்த ஊரிலிருந்தே காட்டுக்காக இவ்வழக்கும் எழுந்தது. நடுவண் பொதுப்பணித்துறையும் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதை 1993-இல் விலக்கி, 2020-இல் அவ்விலக்கை நீக்கிற்று.

காடு மூடப்பட்டாலும் வீட்டுக்குக் கதவு வேண்டுமே! குஜராத்தில் காண்ட்லாத் துறையில் வெளிநாட்டுத் தடிகள் இறங்கி, காந்திதாமில் அறுபடுகின்றன. வடக்கே யமுனாநகரின் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு அரியானா, உத்தரப்பிரதேச உழவர் வயலில் வளர்க்கும் பாப்லார் மரம் செல்கிறது. ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கும் நம் தச்சுப்பட்டறைக்கு வருகின்றது. இவ்வாறு வரும் மரங்களுக்கும் ஒரு காடோ வயலோ உண்டு. அங்கும் மனிதர் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பண்பாட்டுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. அதே ஊர்களின் வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவில் விலைக்கு நிற்கின்றன. பம்பாயில் பழைய சால்கள் இடிபடும்போதும் அவ்வாறே பர்மாத் தேக்கு மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிப் போகிறது. இதனைக் குற்றமென்று கூற இயலாது. ஒரு வீட்டுக்கு உரிமையுடைய பங்காளிகள் நாடெங்கும், கடல் கடந்தும் பரவியிருக்க, ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது? பெரனிகே மக்கள் செய்ததுபோல், பழைய மரம் புதிய கட்டடத்தில் வாழ்வது அழிவினும் மேலானது.

ஆயினும் ஓர் அளவுகோலை மனத்திற் கொள்ளலாம். ஆறடிச் சுற்றளவு கொள்ளப் பர்மாத் தேக்கு நூறாண்டுக்கும் மேலாக நின்று வளர்ந்தது. வளர்ந்த காலத்தளவேனும் அது வீட்டில் நின்று பயன்தர வேண்டும் என்று கொள்வோமாயின், நம் பாட்டனார் எழுப்பிய வீட்டின் மரத்துக்கு இன்னும் வேலை முடிந்தபாடில்லை. ஒழுக்கு அடைத்து, சுண்ணாம்புத் தளத்தைச் செப்பனிட்டு, உத்திரத்தின் முனை சுவருக்குள் ஈரம் படாது காத்தால், அம்மரம் நம் பேரர் காலத்துக்கும் நிற்கும். பெரும்பாலும் தேக்கு உத்திரத்தை வீழ்த்துவது முதுமையன்று. பூட்டிய வீட்டின் ஒழுக்கே.

பிரித்தே ஆகவேண்டும் என்ற நிலை வருமாயின், பிரிக்குமுன் வீட்டின் அமைப்பை அளந்து வரைந்து வையுங்கள். தூண், நிலை, உத்திரம் ஒவ்வொன்றையும் படமெடுத்து வையுங்கள். அது எந்த ஆண்டில் எழுந்தது, மரம் எத்துறையில் இறங்கியது, தச்சர் எவ்வூரார் என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டுப் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லை உண்டு. மரத்தின் வழி அதில் இல்லை. அதனைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அவர்களைக் கொண்டே அக்கேள்விகளைக் கேட்கச் செய்யுங்கள்.